டெல்விச் வயலின் குறுக்கே

அக்டோபர் 6

மதிப்பிற்குரிய கோலெட் டெல்விச் அவர்களுக்கு,

செயின்ட் ஹூபர்ட் பனிவண்டிக் கிளப்பின் சார்பில் எழுதுகிறேன். வரும் குளிர்காலத்திலும் எங்கள் பத்தொன்பதாம் தடம் உங்கள் நாற்பது ஏக்கர் குதிரைமசால் தீவன வயலின் குறுக்கே போக அனுமதி வேண்டும். படிவம், காப்பீட்டுச் சான்றிதழ், வரைபடம் மூன்றும் இணைத்திருக்கிறேன். அனுமதி ஐந்து வருஷத்துக்கு என்று அச்சடித்திருக்கிறேன், வருஷாவருஷம் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றுதான். நவம்பர் பதினைந்துக்குள் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

இதுவரை என் மனைவி ஜெனெல் நேரில் வந்து கேட்பாள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அவள் இறந்துவிட்டாள். உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஏன் ஆள் மாறியது என்று ஒரு கடிதத்தில் சொல்ல வேண்டும் அல்லவா.

நான் மாவட்ட நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். கிளப்பின் வரைபடமும் என் பொறுப்புதான். பதினான்கு பேரின் நிலங்கள் வழியாகத் தடம் போகிறது. பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் வயல் நடுவில் இருக்கிறது. அது இல்லையென்றால் இரண்டு பக்கமும் இருப்பது தடமே இல்லை, இரண்டு துண்டு.

தொலைபேசியில் அழைக்காததற்கு மன்னிக்கவும். என் குரலைக் கேட்டதும் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். காகிதத்தில் அந்த ஒரு நொடி இல்லை.

ட்ரெவர் மசார்ட்

அக்டோபர் 13

ட்ரெவர்,

எனக்கு 'மதிப்பிற்குரிய' போட்டு இதற்கு முன்னால் எழுதியது ஒரே ஒருவன்தான். என் கல்யாண முறிவுக்கு வந்த வக்கீல்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முடியாது. ஐந்து வருஷத்துக்கும் முடியாது, ஐந்து நிமிஷத்துக்கும் முடியாது. ஏன் என்று உனக்கே தெரியும்.

என் வயலில் இந்த வருஷம் என்ன நின்றது தெரியுமா? கால் மைல் நீளத்துக்கு, பன்னிரண்டு அடி அகலத்துக்கு, நரிவால் புல்லும் முட்செடியும். இரண்டு பக்கமும் குதிரைமசால் இடுப்பு உயரம். நடுவில் சொறி பிடித்த மாதிரி ஒரு பட்டை. அறுவடை வண்டியை ஓட்டிக்கொண்டு அதன் மேல் ஏறும்போதெல்லாம் எனக்கு ஜெனெல் ஞாபகம் வந்தது. எனக்கு அறுபது மாடு இருக்கிறது, ட்ரெவர். வண்டியை நிறுத்தி உட்கார்ந்து ஞாபகப்பட எனக்கு நேரமில்லை.

பக்கத்து நிலத்து புட்ச் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன கோலெட், முள்ளு பயிர் பண்றியா, நல்லா வந்திருக்கே"ன்னு கேட்டான். அதையும் நான்தான் கேட்டுக்கொண்டேன், உன் கிளப் கேட்கவில்லை.

கோலெட்

அக்டோபர் 19

அன்புள்ள கோலெட்,

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. ஆறு நாளாக யோசிக்கிறேன்.

குறிக்கம்பு எதையாவது பிடுங்காமல் விட்டுவிட்டோமா என்று பார்த்தேன். உங்கள் வயலில் நட்டது நாற்பத்தொன்று, பிடுங்கியதும் நாற்பத்தொன்று. தடம் மூடிய பிறகு யாராவது ஓட்டினார்களா என்று கேட்டேன், இல்லை. அப்படியென்றால் பனி அழுத்தம்தான். வண்டிகள் போய்ப் போய்ப் பனி இறுகுகிறது, ஐஸ் ஆகிறது, கீழே வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. வருஷத்துக்கு இருபது அடி தள்ளித் தள்ளித் தடத்தைப் போட்டால் ஒரே இடம் திரும்ப அடிபடாது. கணக்குப் போட்டு வரைந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் நடுவில் உங்கள் பக்கத்துச் சாலையில் ஒரு தடவை வண்டி ஓட்டிப் போனேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல்தான் அந்த மாதங்களில் ஓட்டினேன். எல்லா வயலும் கரைந்து பழுப்பாகிவிட்டது. தடம் போன இடம் மட்டும் கரையவில்லை. வேலிகளைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, பதினான்கு பேர் நிலத்திலும் ஒரே வெள்ளைக் கோடு. இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் வந்த பால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கவேயில்லை, சுற்றிக்கொண்டு போனார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வெயில் இடம் மாறியிருந்தது, கோடு கொஞ்சம் மெலிந்திருந்தது.

இன்னொரு விஷயம். ஜெனெலின் பழுப்புக் கோட்டுப் பையில் இது இருந்தது. மணல் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணல் இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, சிறுநீரக வடிவம், பாதி மஞ்சள் பாதி ஊதா. ஒரு சிட்டிகையை இந்தக் காகிதத்தின் கீழே ஒட்டியிருக்கிறேன். தெரிந்தால் சொல்லுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். பையில் இன்னும் இருக்கிறது.

ட்ரெவர்

அக்டோபர் 28

ட்ரெவர்,

உன் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அப்படியானால் அவள் உன்னிடம் சொல்லவேயில்லை.

அது சிவப்பு குளோவர் விதை, மாட்டுத் தீவனச் செடி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஜெனெல் இங்கே பால் சோதனைக்கு மாதிரி எடுக்க வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் மாதிரிக் குப்பிகளை வண்டியில் அடுக்கிவிட்டு, தடம் விட அனுமதி கேட்டாள். "உங்க வண்டிங்க கேக்காமலே போற இடம் மட்டும் செத்துப்போகுது. வந்து உன் கண்ணாலயே பாரு"ன்னு கூட்டிப்போய்க் காட்டினேன். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "சரி, இந்தப் பட்டை என் பொறுப்பு"ன்னாள். நான் அனுமதி கொடுத்தது அந்த வார்த்தைக்குத்தான். கிளப்புக்கு இல்லை.

மார்ச் கடைசியில் ராத்திரி உறைந்து பகலில் இளகும் அல்லவா, அப்போது காலையில் மண் தேன்கூடு மாதிரி வெடித்துக் கிடக்கும். சூரியன் ஏறுவதற்குள் விதையைத் தூவிவிட்டால் வெடிப்புக்குள் விழுந்துவிடும். மத்தியானம் மண் இளகித் தானாக மூடிக்கொள்ளும். உழ வேண்டாம், எதுவும் வேண்டாம். அவள் கழுத்தில் விதைப்பையை மாட்டிக்கொண்டு, விதையைச் சிதறடிக்கும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அந்தப் பட்டை முழுக்க நடப்பாள். முழங்கால் வரை மூடுபனி இருக்கும். கால் தெரியாது. ஒரு பொம்பளை இடுப்புக்கு மேலே மட்டும் என் வயலில் மிதந்து போகிற மாதிரி இருக்கும். முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து காபி குடிப்பாள். உன்னிடம் காலை நடைக்குப் போகிறேன் என்று சொல்லியிருப்பாள்.

ஜூனில் முதல் அறுப்பு அறுக்கும்போது அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிடுவேன். அறுத்த வயலுக்கு நடுவில் சிவப்பாக நிற்கும். அவள் சாலையில் போகும்போது பார்க்கட்டும் என்று.

உன் இருபது அடிக் கணக்கு கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு புதுப் பட்டையைக் கொல்கிற கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்மேல் கோபமாக எழுதியது நியாயமில்லை. இந்த மார்ச்சில் முதல் நல்ல உறைபனி விழுந்த காலையில் நான் இரண்டு கோப்பை காபி போட்டேன். அடக்கத்துக்கு வந்தவள்தான் நான். சர்ச் கீழ்த்தளக் கூடத்தில் பிளம் கேக் வெட்டிக் கொடுத்தவளும் நான்தான். நீ என் கையைக் குலுக்கினாய், உனக்கு ஞாபகம் இருக்காது. எல்லாம் தெரிந்தும் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

ஆனால் பதில் மாறவில்லை.

கோலெட்

நவம்பர் 8

அன்புள்ள கோலெட்,

காலை நடைக்கு என்றுதான் சொல்லுவாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து பூட்ஸைத் தட்டுவாள். நான் படுக்கையில் இருந்தபடி சத்தத்தை எண்ணுவேன், நான்கு தட்டு. என்னிடம் ஏன் மறைத்தாள் என்று யோசித்தேன். தெரிந்திருந்தால் நான் பட்டையின் பரப்பளவையும் சதுர அடிக்கு எத்தனை விதை என்பதையும் கணக்குப் போட ஆரம்பித்திருப்பேன். அவள் நடையைக் கெடுத்திருப்பேன்.

புட்சிடம் போனேன். அவர் கராஜில் இருந்தார், வீட்டுக்குள் கூப்பிடவில்லை, அதனால் பேச முடிந்தது. ஜெனெல் அவர் நிலத்துக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தாளா என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒரு நட்டைத் துடைத்தார். பிறகு, "எனக்கு மட்டும் ஓடைப் பக்கம் விதை போட்டுக் கொடுப்பா. வேற யாருக்கும் கிடையாது. கோலெட்கிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிடாத, அவ நாற்பது ஏக்கருக்கும் கேப்பா"ன்னார். சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

இந்த மார்ச் கடைசியில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பனிக்கட்டி கூரையிலிருந்து சொட்டுவதைக் கேட்டேன். அழவில்லை. இன்றுவரை அழவில்லை. டாக்டர், அது வரும்போது வரும் என்கிறார். எனக்கு எல்லாம் ஒரு தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. இதை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லாததால் இருக்கலாம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி கிளப் கூட்டம். அன்றைக்கு உங்கள் அனுமதி இல்லையென்றால் பத்தொன்பதாம் தடத்தை எடுத்துவிட்டுக் கிழக்கே சாலையோரமாகப் புதிதாகப் போடுவார்கள். ஒரு தடவை எடுத்தால் திரும்ப வராது. அவள் போட்ட தடம் அது. அவளுடையதில் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

மார்ச்சில் நான் விதைக்கிறேன். பட்டை என் பொறுப்பு. இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ட்ரெவர்

நவம்பர் 14

ட்ரெவர்,

புட்சுக்கும் போட்டாளா. சரி. இரண்டு மணி நேரம் எனக்குக் கோபம், அப்புறம் பால் கறக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. புட்ச் வேலியோரம் வந்தால் அவனிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவன் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே சாகட்டும்.

இப்போது காரியம். உன் வார்த்தையை நம்பாமல் இல்லை. மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பட்டையில் இப்போது வேர் இல்லை. முட்செடி பனிக்கு முன்னாலேயே செத்து வெறும் மண்ணாகக் கிடக்கும். அதன் மேல் ஒரு குளிர்காலம் முழுக்க வண்டி ஓடி இறுக்கினால், மார்ச்சில் உருகும் தண்ணீர் முழுக்க அந்தக் கோட்டிலேயே ஓடி வாய்க்கால் வெட்டிவிடும். அப்புறம் விதைக்க அங்கே மண்ணே இருக்காது. ஜெனெலே வந்து நின்று கேட்டாலும் இந்த ஒரு வருஷம் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தைப் பற்றி, பட்டை பச்சை பிடித்த பிறகு கேள். இப்போது கேட்காதே. வாக்குக் கொடுத்துவிட்டு மீறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் கொடுக்க மாட்டேன்.

போன செவ்வாய் மூன்று மணிக்கு ஒரு சாம்பல் நிற டிரக் என் தபால் பெட்டி வரை வந்து, நின்று, திரும்பிப் போனது. நாய்கூடக் குரைக்கவில்லை, அவ்வளவு மெதுவாக. இங்கே வருகிறவர்களை நான் கடிப்பதில்லை.

கோலெட்

டிசம்பர் 2

அன்புள்ள கோலெட்,

கூட்டம் நேற்று நடந்தது. சர்ச் கூடத்தில் பூயா என்னும் இறைச்சிச் சூப்புக் கொப்பரை வைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் கிண்ணம், எல்லாருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தலைவர் லைல் புது வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். பத்தொன்பது இல்லை. சாலையோரமாக ஒரு நீலக் கோடு. அதைப் போட்டதும் நான்தான், அவர் கேட்டதால். என் கையால் போட்ட கோட்டை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து நின்றுவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. ஒரு வருஷம் தடத்தை எடுக்காமல் வையுங்கள், டெல்விச் வேலியில் இரண்டு பக்கமும் முடித்துக்கொள்வோம், வண்டிகள் அங்கே திரும்பிப் போகட்டும் என்றேன். லைல் கெட்டவர் இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"நடுவுல அறுந்த தடத்த யாரு தம்பி ஓட்டுவா? ஜெனெலுக்காகன்னா சொல்லு, ஒரு பலகை வெச்சு அவ பேரப் போடுவோம்."

"பலகை வேணாம். ஒரு வருஷம் வேணும்" என்றேன்.

எனக்குப் பழக்கமான அந்த ஒரு நொடி, இந்தத் தடவை நீளமாக. பின்வரிசையில் புட்ச் வாயில் எலும்போடு சொன்னார்: "பத்து மாசத்துல பையன் இப்பத்தான் வாயத் தொறக்கறான். குடுத்துத் தொலைங்கடா."

கொடுத்தார்கள். ஒரு வருஷம். அடுத்த டிசம்பரில் அனுமதி இல்லையென்றால் தடம் போய்விடும். நான் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காதே என்றீர்கள்.

சின்னதாக ஒன்று கேட்கிறேன். வேலியின் இரண்டு முனையிலும் 'தடம் முடிந்தது, திரும்புக' என்று பலகை நட உங்கள் நிலத்தில் கால் வைக்க வேண்டும். மார்ச்சில் விதை தூவ ஒரு காலை நடக்க வேண்டும்.

ட்ரெவர்

டிசம்பர் 9

ட்ரெவர்,

நடு. நட. கால் வைப்பதற்கெல்லாம் இங்கே யாரும் கடிதம் எழுதுவதில்லை.

குளோவர் விதையைக் கடையில் வாங்கும்போது போன வருஷத்து மூட்டை வேண்டாம் என்று சொல். தள்ளிவிடப் பார்ப்பான்.

கோலெட்

பிப்ரவரி 20

அன்புள்ள கோலெட்,

நேற்று ஒரு வருஷம். ஆபீசில் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டு மத்தியானம் மேற்கு வேலிப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஐந்து வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் பலகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தது, வட்டமடித்துத் திரும்பியது. கடைசி வண்டிக்காரர் மட்டும் இஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம் உங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று தெரியாது. போய்விட்டார்.

அப்புறம் சத்தமே இல்லை. நாற்பது ஏக்கர் பனி, ஒரு கீறல் இல்லை. ஏழு வருஷமாக நான் அதைக் கோடு இல்லாமல் பார்த்ததில்லை. எங்கே தரை முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நான் நிற்கிற இடத்துக்கு ஆயத்தொலைவு எண் எனக்கு மனப்பாடம், ஏழு தசம இடம் வரை. ஆனால் அந்த நேரத்தில் நான் எங்கேயும் இல்லாத மாதிரி இருந்தது. பயமாக இல்லை. அவளும் இப்படித்தான் இருக்கிறாளோ என்று தோன்றியது, எங்கேயும் இல்லாமல், வெளிச்சமாக.

குளிர் முழங்காலுக்கு வந்த பிறகு திரும்பினேன். புது மூட்டைதான் வாங்கியிருக்கிறேன்.

ட்ரெவர்

மார்ச் 27, காலை 7.20

ட்ரெவர்,

இதை எழுதும்போது நீ இன்னும் வயலில்தான் நிற்கிறாய். பால் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். எழுதி உன் டிரக்கின் கண்ணாடித் துடைப்பானில் சொருகிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். உன்னிடம் காகிதத்தில்தான் பழகியிருக்கிறேன், வாய் வரவில்லை.

ஆறரைக்கு நீ வேலி தாண்டி இறங்கியதைப் பார்த்தேன். ஒரு கையில் விதைப்பைக் கைப்பிடி, இன்னொரு கையில் இடம் காட்டும் கருவியின் திரை. திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாய், தரையைப் பார்க்கவேயில்லை. உன் வரைபடத்தில் தடம் நேர்க்கோடு, இல்லையா? நீயும் நேராகவே போய்விட்டாய்.

ஜெனெல் நேராகப் போனதே கிடையாது. வயலுக்கு நடுவில், கீழே ஒரு ஊற்று இருக்கிறது. ஜனவரியில்கூட முழுக்க உறையாது, மேலே பனி மூடித் தெரியாமல் கிடக்கும். வண்டி ஏறினால் இறங்கிவிடும். அதனால் அவள் முதல் வருஷமே அந்த இடத்தில் தடத்தைத் தெற்கே ஒதுக்கி வளைத்துக்கொண்டு போனாள். கம்பும் அப்படித்தான் நட்டாள். எண்ணியிருக்கிறாயே தவிர நீ அது எங்கே நின்றது என்று பார்த்ததில்லை. உன் வரைபடத்துக்கு அந்த வளைவு ரொம்பச் சின்னதாக இருந்திருக்கும், நேராக்கிவிட்டது.

ஆக, இருநூறு அடிக்கு நீ என் நல்ல குதிரைமசாலுக்கு மேலே, ஈரத்துக்கு மேலே குளோவர் போட்டிருக்கிறாய். வளைவு அப்படியே வெறும் மண்ணாகக் கிடக்கிறது. முதலில் நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் நீ நின்றுவிட்டாய். காலில் ஈரம் பட்டிருக்கும், கீழே பார்த்தாய். தலையைத் தூக்கித் தெற்கே பார்த்தாய். வெறும் பட்டை ஒதுங்கி வளைந்து போகிறது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரையைப் பைக்குள் போட்டாய். பிறகு மூடுபனிக்குள் உட்கார்ந்துவிட்டாய். தலை மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. ஏதோ சத்தம் கேட்டது. வாத்துகள் வடக்கே போகிற காலம், வாத்தாகவும் இருக்கலாம். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து ஒரு மாட்டைக் கறந்து முடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் எழவில்லை. எழ வேண்டாம். அந்த இடத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நேராகப் போட்டதை நான் பிடுங்கப் போவதில்லை. பாதி முளைக்கும். பசு நிறம் பார்த்துத் தின்பதில்லை.

பச்சை பிடித்த பிறகு கேள் என்றேன். வாக்குக் கொடுக்கும் பழக்கமில்லை என்றேன். இப்போது நீ கேட்காமலே சொல்கிறேன்: டிசம்பரில் தடம் என் வயலின் குறுக்கே போகட்டும். அந்த வளைவு வழியாக. லைலிடம் நீயே போய்ச் சொல், வாயால்.

பையில் பாதிக்கு மேல் விதை மிச்சம் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஒன்பது மணி வரைக்கும் மண் உறைந்திருக்கும், அதற்கப்புறம் சேறு. எழுந்ததும் தெற்கே அந்த வளைவிலிருந்து ஆரம்பி. மெதுவாகச் சுற்று.

கோலெட்